கடிக்காத கூட்டம்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு, மண்ணரை ஊரில் அந்த வீட்டுக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்குப் பெரியவர் ஆறுச்சாமி. அவருடைய ஒரே மகன் செல்வக்குமார். செல்வக்குமாரின் மகள் கீதாஞ்சலி, ஆறு வயது. மூலனூரிலிருந்து வந்திருந்த சம்பந்தி அப்புசாமி, அவர் மனைவி வேலாத்தாள். வேறு யாரும் இல்லை. வாசற்கதவு தாழிட்டிருந்தது. யாருக்காகக் காரியம் நடந்ததோ அந்தப் பிரியங்கா, செல்வக்குமாரின் மனைவி, கூடத்துச் சுவரில் சம்பங்கி மாலைக்குள் இருந்தாள்.

ஆட்களை இப்படி எண்ணிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்றைக்கு நானும் அங்கேதான் இருந்தேன் என்று பின்னால் சொல்லிக்கொண்டவர்கள் இருபது பேருக்குக் குறையாது.

மாலை நாலரை மணி. வீட்டை ஒட்டி, பொதுச்சுவருக்கு அந்தப்புறம், இப்போது செல்வக்குமார் நடத்தும் பனியன் யூனிட் இருந்தது. ஓவர்லாக்கும் பிளாட்லாக்குமாக நாற்பது தையல் மெஷின்கள். அவை ஓடத் தொடங்கினால் அந்த ரீங்காரம் சுவர் வழியாக இறங்கி, தரையில் பரவி, கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஆறுச்சாமியின் உள்ளங்காலில் வந்து சேரும். முப்பது வருடமாக அந்த அதிர்வைக் காலில் வாங்கியே எத்தனை மெஷின் ஓடுகிறது என்று உத்தேசமாகச் சொல்லிவிடுவார். அன்று யூனிட்டுக்கு விடுமுறை. போதாததற்கு மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து தெருவுக்கே கரண்ட் இல்லை. மின்விசிறி நின்றிருந்தது. ஊதுபத்திப் புகையும் வாடிய பூவின் வாசமும் விளக்கெண்ணெய்க் கருகலும் நகர வழியில்லாமல் கூடத்துக்குள்ளேயே தொங்கிக்கொண்டிருந்தன.

உள்ளங்காலில் ரீங்காரம் இருந்தது.

காலை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். அங்கேயும் இருந்தது.

"செல்வா, யூனிட்ல எவனாச்சும் ஜெனரேட்டர் போட்டு ஓட்டறானா?"

"இல்லீங்கப்பா. சாவி என்ற பையிலதான் இருக்குது."

ஆறுச்சாமி அதற்குமேல் கேட்கவில்லை. சம்பந்தி வீட்டார் முன்னால் ஒரு கேள்வியை இரண்டு முறை கேட்பது அவர் வழக்கமில்லை.

வெயில் தாழத் தாழக் கொசு வந்தது. வேலாத்தாள் முந்தானையால் காலை மூடிக்கொண்டார். செல்வக்குமார் கழுத்தில் அடித்துக்கொண்டான். அப்புசாமி தோள்துண்டை இரண்டு பக்கமும் வீசினார். ஆறுச்சாமி மட்டும் அசையாமல் இருந்தார். அவரை ஒன்றும் கடிக்கவில்லை. இன்று என்றில்லை, பத்து நாளாகவே கடிக்கவில்லை.

"சம்மந்தியக் கண்டா கொசுவுக்கும் பயமாட்ட இருக்குதுங்க" என்றார் அப்புசாமி. மகளைப் பறிகொடுத்த மனிதர் பதினாறு நாளில் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது. யாரும் சிரிக்கவில்லை. சொன்னவரும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் அது வந்தது. சாதாரணக் கொசுவைப் போல மூன்று மடங்கு இருக்கும். மற்றக் கொசுவின் கீச்சுக் குரல் அதற்கில்லை; கனத்த, இறங்கிய குரல். ஆறுச்சாமியின் வேட்டியில், முழங்காலுக்கு மேல், உட்கார்ந்தது. ஜன்னல் வெளிச்சம் பட்ட இடத்தில் அதன் உடம்பு மயில் கழுத்துப் போல நீலமும் பச்சையுமாக மின்னியது. மூக்கு கீழ்நோக்கி வளைந்து, கொக்கி போல இருந்தது.

அதன் பெயர் அவருக்குத் தெரியும். அது இந்த வீட்டில் உயிரோடு இருக்க முடியாது என்பதும் தெரியும். சாவு எடுத்த மறுநாள் மொட்டைமாடி அறைக்குப் போய், அத்தனை வெள்ளைத் தட்டுகளிலும் தன் கையாலேயே பிளீச்சிங் பவுடரைக் கொட்டிக் கவிழ்த்தவர் அவர்தான்.

பிரியங்கா கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள். மரப்பொந்துக் கொசுக்களைப் பற்றி டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டும் இருந்தாள். படித்த மருமகள் என்று ஆறுச்சாமிக்குப் பெருமைதான். அமராவதி நகர்ப் பக்கம் போய், பழைய புளியமரத்துப் பொந்துகளில் தேங்கிய தண்ணீரைப் புழுவோடு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து மாடியில் வளர்க்க ஆரம்பித்தபோதுதான் பெருமை போயிற்று. நாலு பேர் வந்து போகிற வீடு. ஆறுச்சாமி வீட்டு மருமகள் கொசு வளர்க்கிறாள் என்று பேச்சு வந்தால் என்ன ஆகும்? ஒருநாள் நேராகவே கேட்டார்.

"கொசுவிலயும் கூட்டம் இருக்குதுங்க மாமா" என்றாள் அவள். கூட்டம், அதாவது குலம், என்றால் அவர் காது கொடுப்பார் என்று அவளுக்குத் தெரியும். எந்தக் கூட்டம், எந்தக் கோயில், யார் பங்காளி, யார் மாமன் மச்சான் என்று கேட்காமல் அவர் யாரிடமும் இரண்டாவது வார்த்தை பேசியதில்லை. "மூவாயிரத்துச் சொச்சம் வகை இருக்குதுங்க. பெரிய குடும்பம் ஒண்ணு. அதுக்குள்ள பிரிவு, பிரிவுக்குள்ள கூட்டம். மூக்கு, காலு, செதிலு இதையெல்லாம் வெச்சு இன்னாருதுன்னு சொல்லிரலாம். அனாபிலஸ்னா தலையத் தாழ்த்தி, வாலத் தூக்கி உக்காரும். ஏடிஸ்னா காலுல வெள்ளை வளையம். இது டாக்சோரிங்கைடிஸ். வில்லு மாதிரி வளைஞ்ச மூக்குன்னு அர்த்தமுங்க. யானைக் கொசும்பாங்க. ஆணும் கடிக்காது, பொண்ணும் கடிக்காது. அந்த மூக்குக்குத் தோலைத் துளைக்கற வலுவே இல்லீங்க. பூவுல தேன் குடிச்சுப் பொழைக்குது."

"சைவம்னு சொல்லு."

"பெரிசானாத்தானுங்க மாமா. புழுவா இருக்கறப்ப மத்தக் கொசுப் புழுவையெல்லாம் தின்னே தீக்கும். சொந்தக் கூட்டத்தையும் உடாது."

"அப்ப நம்ம பங்காளிகதான்" என்றார் ஆறுச்சாமி. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொத்திய வலது கையில் சுண்டுவிரல் உள்பக்கம் வளைந்திருந்தது. சின்ன வயதில் மூலனூர்த் தோட்டத்தில் முருங்கைக்காய்க் கட்டு விழுந்து ஒடிந்து, கோணலாகவே சேர்ந்துவிட்ட விரல்.

வேட்டியில் இருந்த கொசு எழுந்தது. வளைந்து பறந்து, கூடத்தின் வடமூலைக்குப் போய், தரையோடு தரையாக இறங்கி மறைந்தது.

வடமூலையில்தான் தொட்டிக் கல் இருக்கிறது.

அந்தத் தொட்டியைப் பற்றிச் சொல்லாமல் அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. ஆறுச்சாமியின் தகப்பனார், வீடு கட்டுவதற்கு முன் தொட்டியைக் கட்டினார். தொட்டியின் மேல் வீட்டைக் கட்டினார். ஆள் ஆழத்துக்கு மேல். வாய்க்கு ஒரே கருங்கல். கிணறுகளில் சாயத்தண்ணீர் இறங்கிக் கெட்டுப்போன காலத்தில், ஆறும் வறண்ட ஒரு கோடையில், தெருவில் முப்பது வீடு அந்தத் தொட்டித் தண்ணீரில் பிழைத்தது. அதிலிருந்து ஒரு கட்டுப்பாடு வந்தது. கல்லை ஆடிப் பதினெட்டு அன்று மட்டும்தான் திறப்பது. வீட்டு ஆண்பிள்ளை மட்டும்தான் இறங்குவது. சுவரைத் தேய்த்துக் கழுவி, சூடம் காட்டி மூடுவது. வெளியாள் எட்டிப் பார்க்கக் கூடாது. மற்ற நாளெல்லாம் குழாய்த் தண்ணீர் நேராக உள்ளே விழும். மோட்டார் மேலே ஏற்றும். மோட்டார் பைப் இறங்குகிற ஓட்டையைப் பனியன் வேஸ்ட் துணியால் அடைத்திருந்தார்கள்.

நாலு வருடமாக ஆறுச்சாமிக்கு முழங்கால் வலி. இறங்க முடியவில்லை. நான் இறங்குகிறேன் என்ற மகனை இறங்க விடவில்லை. நான் இருக்கும்போது நீ இறங்கினால், ஆறுச்சாமியால் முடியவில்லை என்று ஆகிவிடும் என்றார். கல்லின் மேலேயே சூடம் கொளுத்திக் கும்பிட்டார். நாலு ஆடி அப்படிப் போயிற்று.

கொசுப்புழு பார்க்க வாராவாரம் ஒரு பெண் வருவாள். சீனியம்மாள் என்று பெயர், தெற்கத்திக்காரி. தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் குடத்தையும் டிரம்மையும் டார்ச் அடித்துப் பார்த்து, கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அட்டையில் தேதியும் 'இல்லை' அல்லது 'உண்டு' என்றும் எழுதிக் கையெழுத்துப் போடுவாள்.

"உள்ள தொட்டி இருக்குன்னு சொன்னாக. ஒரு தடவ பாத்துட்டுப் போயிர்றேன்ய்யா."

"இந்த ஊட்டுத் தொட்டியில தெருவே தண்ணி குடிச்சிருக்குது. அதுல புழு இருக்குதான்னு நீ பாக்கோணுமா? அட்டையில எழுதீட்டுப் போ."

அவள் எழுதிவிட்டுப் போவாள். அட்டை முழுக்க 'இல்லை'. விருந்தாளி வந்தால் ஆறுச்சாமி கதவைச் சாத்தி அந்த அட்டையைக் காட்டுவதும் உண்டு.

"சம்மந்தி" என்றார் அப்புசாமி. "நாளைக்குக் காலையில நாங்க பொறப்படறமுங்க. அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கோணும். தப்பா நெனைக்கக் கூடாது."

"கேளுங்க."

"எங்கூர்ல அல்லாரும் சொல்றாங்க, அவ வளத்த கொசுவே அவளக் கடிச்சுக் கொன்னுருச்சுன்னு. தனக்குத் தானே குழி வெட்டிக்கிட்டாளாமா. சந்தைக்குப் போனாக்கூட என்ற மூஞ்சியப் பாத்தே சொல்றாங்க. நெசந்தானுங்களா?"

வேலாத்தாள் தலையைத் தூக்கவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

அந்தப் பேச்சு எங்கே பிறந்தது என்று ஆறுச்சாமிக்குத் தெரியும். சாவு வீட்டில், டெங்கு எப்படி வந்தது, வீட்டில் தண்ணீர் தேங்குகிறதா என்று யாரோ கேட்டபோது, இதே நாற்காலியில் உட்கார்ந்து அவர்தான் சொன்னார்: கொசு வளத்துனாளல்லோ, அதுதான். ஒரே ஒரு வாக்கியம். சாயங்காலத்துக்குள் மண்ணரை முழுக்கப் போய்விட்டது. விசாரிக்க வந்த சுகாதார ஆட்களுக்கும் அவர் காட்டியது மாடித் தட்டுகளைத்தான்.

"ஆமாங்க" என்றார்.

காலடியில் ரீங்காரம் நின்றது.

நின்ற பிறகுதான் அது எவ்வளவு பெரிதாக இருந்தது என்று தெரிந்தது. காது அடைத்தது போல் ஆயிற்று. பெருமூச்சு விடும் நேரம். பிறகு மறுபடி தொடங்கியது. முன்னைவிடக் கனமாக.

அவருக்கு அந்த மூன்று நாள் ஞாபகம் வந்தது. பிரியங்காவுக்குக் காய்ச்சல் கண்ட முதல் நாளே அவள் சொன்னாள்: கண்ணுக்குப் பின்னால் வலிக்குதுங்க மாமா, இது அந்தக் காய்ச்சல்தான், பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்க வேண்டும். பார்த்து டெங்கு என்று எழுதினால் வீட்டுக்கு ஆள் வரும். தொட்டியைத் திறக்கச் சொல்லும். கதவில் நோட்டீஸ் ஒட்டும். ரெண்டு நாள் பார்க்கலாம் கண்ணு என்றார். நிலவேம்புக் கஷாயம் வைக்கச் சொன்னார். பப்பாளி இலையை அரைத்துத் தன் கையாலேயே சாறு பிழிந்து கொடுத்தார். தெருமுனைக் கடையில் மாத்திரை வாங்கி வந்தார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. பார்த்தாயா, நான் சொல்லவில்லையா என்றார். நாலாம் நாள் காலை அவள் ஈறில் ரத்தம் வந்தது. அன்று மாலை ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் நின்றுகொண்டிருந்தபோது உள்ளேயிருந்து செல்வக்குமாரின் அழுகை கேட்டது.

சாவுக்கு மூன்றாம் நாள் விடியற்காலையில், யாரும் எழுவதற்கு முன், மோட்டாரைப் போட்டுத் தொட்டித் தண்ணீர் முழுவதையும் சாக்கடையில் இறைத்துவிட்டார். காற்று உறிஞ்சும் சத்தம் கேட்கும்வரை. அதன் பிறகு வீட்டுச் செலவுக்கு லாரித் தண்ணீர்தான். கல்லைத் திறக்கவில்லை. முடிந்தது என்று நினைத்தார். தண்ணீர் இல்லை என்றால் புழு இல்லை.

"அப்பாரு" என்று தாத்தாவைக் கூப்பிட்டாள் பேத்தி.

கீதாஞ்சலி தொட்டிக் கல்லின் மேல் குப்புறப் படுத்திருந்தாள். கல் குளிர்ச்சியாக இருக்கும் என்று எப்போதும் அங்கேதான் விளையாடுவாள். படம் வரைகிற நோட்டு விரித்துக் கிடந்தது. அதில் தாயின் கையை வைத்துச் சுற்றிப் பென்சிலால் இழுத்த கோடு. ஐந்து விரல், ஒன்று கோணல்.

"அப்பாரு, கல்லு மூச்சு உடுதுங்க."

"எந்திரிச்சு வா கண்ணு."

அவள் எழுந்திருக்கவில்லை. காதைக் கல்லில் வைத்துக்கொண்டாள்.

வேலாத்தாள்தான் பேச்சை மாற்றினார். "அவ எழுதுன நோட்டு ஏதாச்சும் இருந்தாக் குடுங்க. கையெழுத்தையாச்சும் பாத்துக்கறன்." எடுத்துத் தருகிறேன் என்று ஆறுச்சாமி எழுந்தார். அந்தக் கூடத்தை விட்டு வெளியே போவதற்கு அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

மாடி அறையில் பிளீச்சிங் நெடி இன்னும் மூக்கைக் குத்தியது. கவிழ்த்த தட்டுகள் கவிழ்த்தபடி கிடந்தன. மேசையில் ஒரு நோட்டு. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொசுவைப் பற்றிச் சொல்லப் போவாள். அதற்காகத் தமிழில் எழுதி வைத்தது. ஜன்னலோரம் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் புரட்டினார். உருட்டி உருட்டி எழுதிய எழுத்து.

யானைக் கொசு பறந்துகொண்டே தண்ணீரில் முட்டையைச் சுண்டி எறியும் என்று ஒரு பக்கத்தில் எழுதியிருந்தாள். இன்னொரு பக்கத்தில்: 'இதன் புழு, கூட்டுப்புழுவாகும் நாள் நெருங்கும்போது பசியில்லாமலே கொல்லும். பக்கத்தில் அசைகிற எதையும் கடித்துக் கொன்று, தின்னாமல் விட்டுவிடும். காப்பில்லாமல் கிடக்கப் போகிற நாட்களில் தன்னைத் தொட ஒருவரும் மிச்சம் இருக்கக் கூடாது என்பதற்காக இருக்கலாம்.'

அந்தப் பக்கத்தை அவர் சட்டென்று திருப்பினார்.

'டெங்கு பரப்பும் ஏடிஸ் தண்ணீரில் முட்டை இடாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் ஒட்டும். கசகசாவைவிடச் சிறியது, கறுப்பு. தண்ணீரை இறைத்துவிட்டால் செத்துவிடும் என்று நினைக்கிறோம். சாகாது. காய்ந்து, மாதக் கணக்கில் காத்திருக்கும். மறுபடி தண்ணீர் ஏறித் தொட்டால் அன்றைக்கே பொரியும். தேய்த்துக் கழுவினால்தான் போகும்.'

கடைசியாக எழுதிய பக்கம் பிள்ளைகளுக்காக எழுதியது அல்ல. காய்ச்சல் காண்பதற்கு ஐந்து நாள் முந்தைய தேதி.

'வீட்டுத் தொட்டி. பைப் ஓட்டையிலிருந்து வெள்ளைக்கால் கொசு வருகிறது. மாமா திறக்க விடவில்லை. ஓட்டை வழியாக யானைக் கொசுப் புழு நாலு விட்டிருக்கிறேன். மாமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வருத்தப்படுவார். இது போதாது. கல்லைத் திறந்து சுவரைத் தேய்க்க வேண்டும். கீதா அங்கேதான் விளையாடுகிறாள்.'

நாலு. அவர் மறுபடி வாசித்தார். நாலுதான்.

கீழேயிருந்து செல்வக்குமாரின் குரல் வந்தது. "அப்பா, தண்ணி உட்டுட்டாங்க." பதினைந்து நாளுக்குப் பிறகு குழாயில் தண்ணீர். வழக்கமாக அந்தக் குரலைக் கேட்டால் தெருவே பரபரக்கும்.

படியில் இறங்கும்போதே அவருக்குக் கேட்டது. காலி தொட்டிக்குள், ஆழத்தில், தண்ணீர் விழும் சத்தம். கிணற்றுக்குள் யாரோ பேசுவது போல.

"அடைடா. வால்வ அடை."

"அது துருப்புடிச்சு நாலு வருசமாச்சுங்கப்பா."

கூடம் இருட்டிக்கொண்டிருந்தது. கல்லின் மேல் குழந்தை அதே இடத்தில் கிடந்தாள். அவளைச் சுற்றிக் கல்லில், சுவரில், நீல மினுமினுப்பு. நாலு இல்லை. நாற்பதும் இல்லை. அவள் கையில், காலில், மூடிய இமையில் உட்கார்ந்திருந்தன. ஒன்றும் கடிக்கவில்லை. இடையில் ஒரு சின்னக் கொசு, காலில் வெள்ளை வளையம் உள்ளது, பைப் ஓட்டையிலிருந்து எழுந்து குழந்தையின் கணுக்காலுக்குப் போயிற்று. பெரியவை அதை ஒன்றும் செய்யவில்லை. பறக்கிற வயதில் அவை யாரையும் கொல்வதில்லை. பார்த்துக்கொண்டுதான் இருக்க முடியும்.

அவர் ஓடிப்போய்த் தூக்கினார். நீலம் கலைந்து எழுந்தது. குழந்தையின் நெற்றி அவர் கன்னத்தில் பட்டது.

சுட்டது.

"கண்ணுக்குப் பின்னால வலிக்குதுங்க அப்பாரு" என்றாள்.

ஆறுச்சாமி நடுக்கூடத்தில் நின்றார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். எழுபத்து நாலு வயது. தகப்பன் கட்டிய தொட்டி. கதவுக்குப் பின்னால் அட்டை.

"செல்வா, கடப்பாரையக் கொண்டா. சம்மந்தி, ஒரு கை புடிங்க. கல்லத் தொறக்கோணும்."

"வெளியாள் பாக்கக் கூடாதுன்னுவீங்களே" என்றார் அப்புசாமி.

"பாருங்க. நீங்கதான் பாக்கோணும்."

குழந்தையை வேலாத்தாள் வாங்கிக்கொண்டார். கடப்பாரை முனை இடுக்கில் இறங்கியது. கல் முனகியது. நாலு வருடம் அடைபட்ட காற்று முகத்தில் வந்து மோதியது: பாசி, துரு, அதோடு பிளீச்சிங் இல்லாத, மருந்து இல்லாத, குளித்துவிட்டு வந்த ஒரு பெண்ணின் ஈரத் தலைமுடி வாசம். மூவரும் கல்லை நெம்பி நிமிர்த்திச் சுவரில் சாய்த்தார்கள். செல்வக்குமார் செல்போன் வெளிச்சத்தை உள்ளே காட்டினான்.

கறுப்பு.

நாலு சுவரும் கறுப்பு. அடுப்புக்கரியை அரைத்துப் பூசியது போல. அத்தனையும் முட்டை. தண்ணீர் ஏறி இறங்கிய ஒவ்வொரு மட்டத்திலும் ஒரு வரி. வரிக்கு மேல் வரி. நாலு வருடம்.

கீழே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

கறுப்பில் ஓர் இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. பிறகு இன்னோர் இடம். செல்வக்குமார் குனிந்து வெளிச்சத்தை அதன் பக்கம் திருப்பினான்.

உள்ளங்கை.

துடைத்தெடுத்த மாதிரி. ஐந்து விரல். அதற்கு ஒரு முழம் மேலே இன்னொன்று. அதற்கும் மேலே. இடது, வலது. இடது, வலது. யாரோ அடியிலிருந்து சுவரைத் தடவித் தடவி மேலே வந்தது போல. சில இடத்தில் விரல்கள் கீழ்நோக்கி இழுபட்டிருந்தன. தேய்த்திருக்கிறாள். கையாலேயே தேய்த்திருக்கிறாள்.

வெளிச்சம் மெல்லத் திரும்பி, சாய்த்து வைத்த கல்லின் அடிப்பக்கத்தில் விழுந்தது. இதுவரை தொட்டியின் உள்பக்கம் பார்த்துக் கிடந்த பக்கம். அதுவும் கறுப்பு. நடுவில் இரண்டு கை, பக்கத்தில் பக்கத்தில், விரல் விரித்து அழுத்தியபடி. மேலே தள்ளியபடி.

வலது கையில் சுண்டுவிரல் கோணல்.

"அம்மா கை" என்றாள் கீதாஞ்சலி, அம்மாயி வேலாத்தாளின் தோளிலிருந்து.

வேலாத்தாள் அழவில்லை. குழந்தையின் முகத்தைத் தன் கழுத்தில் அழுத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆறுச்சாமி தோள்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். யார் முன்னாலும் அவர் அப்படிச் செய்ததில்லை.

"சம்மந்தி, நான் சொன்னது பொய்யிங்க. அவ வளத்தது கடிக்காது. கடிச்சது இதுல பொறந்தது. தொறக்கச் சொன்னா. நான் உடுல. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா. நான் உடுல."

அப்புசாமி அந்தக் கல்லைப் பார்த்தார். பிறகு, "வெளிச்சத்த அணைங்க மாப்ள" என்றார். "முதல்ல பாப்பாவக் கூட்டீட்டுப் போலாம்."

ஆஸ்பத்திரியில் பெயர் எழுதும் இடத்தில் ஆறுச்சாமியே முன்னால் நின்றார். "டெங்குங்க. எங்க ஊட்டுத் தொட்டியிலதான் புழு. விலாசம் எழுதிக்குங்க" என்றார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு உரக்கச் சொன்னார். குழந்தை ஒன்பதாம் நாள் வீடு திரும்பினாள். அதற்குள் சீனியம்மாள் வந்து அட்டையில் முதல் முறையாக 'உண்டு' என்று எழுதினாள். கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பசைக் கிண்ணத்தை ஆறுச்சாமி பிடித்துக்கொண்டார். தொட்டியை இறைத்து, செல்வக்குமார் இறங்கி, தென்னை நாராலும் சுண்ணாம்பாலும் தேய்த்ததில் கறுப்பு முழுவதும் போயிற்று. கைகள் போகவில்லை. வெளுத்த சுவரில் அதைவிட வெளுப்பாக நிற்கின்றன. கல்லை மறுபடி மூடவில்லை. செல்வக்குமாரும் கீதாஞ்சலியும் இப்போது மூலனூரில், அப்புசாமி வீட்டில் இருக்கிறார்கள்.

ஆறுச்சாமி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். தினமும் வெயில் தாழும் நேரத்தில் நாற்காலியைத் தொட்டி வாயருகே இழுத்துப் போட்டு, சட்டையைக் கழற்றிவிட்டு உட்காருகிறார். குழாயை அடைத்து உலர்த்திய தொட்டி. ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. முதலில் உள்ளங்காலில் அந்த ரீங்காரம் வரும். பிறகு அவை வரும். தோளில், மார்பில், உதட்டில், கண்ணிமையில், தோல் தெரியாதபடி நீலமாக வந்து அடையும். அவர் அசைவதில்லை. ஒவ்வொரு மூக்கும் அவர் தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும். இருட்டும்வரை அவர் காத்திருப்பார்.

பிரியங்கா தான் வளர்த்த கொசு கடித்துச் செத்துப்போனாள் என்று மண்ணரையில் இன்னும் சிலர் சொல்கிறார்கள். அது பொய். அவள் வளர்த்தவை கடிப்பதில்லை. இப்போதும் கடிப்பதில்லை.